மழையில்லாத நாளில் நனைந்த ஆடுகள்

யாரம்பா பண்ணையில் மழை பெய்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட வறட்சியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்திருந்த எட்டு ஆட்களும் ஓட்டுப் போட்டு, ஆடெல்லாம் ஈரம், கத்தரிக்க முடியாது என்று முடிவு செய்து மெஷினை நிறுத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் ஒரு பிணம் கிடைத்தது.

இன்ஸ்பெக்டர் ஹார்வுட் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். புதன்கிழமையே எட்டுப் பேரில் ஒருவனைப் பிடித்து வில்காரா ஸ்டேஷனில் அடைத்தும் விட்டார். வியாழன் காலை துப்பறியும் சார்ஜென்ட் வெர்னா கில்ஃபாயில் புழுதி படிந்த காரில் வந்து இறங்கியபோது, அவளுக்கென்று மிச்சமிருந்த வேலை ஒன்றுதான். கைதியை மூன்று மணி ரயிலில் ஏற்றி சிட்னிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"அவ்வளவுதானா?" என்றாள் வெர்னா.

"அவ்வளவுதான். வழியில அவன் பசிக்குதுன்னா சாண்ட்விச் வாங்கிக் குடு. பொம்பளை கூட இருந்தா பசங்க அழுதுகிட்டே எல்லாத்தையும் ஒத்துக்குவாங்க." ஹார்வுட் சிரித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு விஷயம் மண்டைக்குள் ஏறிவிட்டால் அதைக் கீழே இறக்க ஏணி போதாது.

வெர்னா கோப்பைப் புரட்டினாள். செத்தவன் நெவில் கெடிஸ், அறுபத்திரண்டு வயது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கூல்பின் பண்ணையின் வேலி பார்க்கும் ஆள். ஒரு தகரக் குடிசை, ஒரு நாய், வேறு யாரும் இல்லை. பின்மண்டை மூன்று இடத்தில் உடைந்து, யாரம்பா பக்கத்துக் கரையில் குப்புறக் கிடந்தான். பிடிபட்டவன் டார்சி மக்கிவர், இருபத்துநாலு வயது. சனிக்கிழமை மதுக்கடையில் நெவிலின் நாய் டார்சியின் தட்டிலிருந்த இறைச்சிப் பணியாரத்தைக் கவ்விக்கொண்டு ஓட, இவன் நாயை உதைக்கப் போக, கிழவன் இவனை அறைய, 'ஒருநாள் உன் மண்டையை உடைக்கிறேன் பாரு' என்று இவன் ஊர் கேட்கக் கத்தியிருக்கிறான். செவ்வாயன்று மற்ற ஏழு பேரும் குடியிருப்பில் சீட்டாடிக்கொண்டிருக்க, இவன் மட்டும் தனியாக ஆற்றோரம் நடந்திருக்கிறான். பேன்ட்டில் ரத்தம்.

"ரோமம் கத்தரிக்கிறவன் பேன்ட்டில ரத்தம் இல்லாட்டிதான் சந்தேகப்படணும், சார்."

"அதைச் சோதனைச்சாலை சொல்லட்டும். எனக்கு அந்த ஓட்டுதான் முக்கியம். பண்ணைக்காரர் பெல்லாமி சத்தியம் பண்றாரு, ஆடு காய்ஞ்சு கிடந்துச்சுன்னு. பொய் ஓட்டுப் போட்டு ஒருநாள் லீவு வாங்கியிருக்கானுங்க. இந்தப் பயலுக்கு அந்த நாள் எதுக்குத் தேவைப்பட்டுச்சுன்னு உனக்கே தெரியுது."

வெர்னாவுக்குத் தெரியவில்லை. அவளுக்கு நெருடியதே அதுதான். கத்தரித்த ஆட்டுக்குத்தான் கூலி என்று இருக்கும் தொழிலில், எட்டுப் பேர் தங்கள் கூலியைத் தாங்களே தூக்கி ஆற்றில் போட மாட்டார்கள். குடிக்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை எதற்கு இருக்கிறது?

"மதியத்துக்குள்ள திரும்பிடறேன். கொட்டகையை ஒருதடவை பாத்துட்டு வரேன்" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா. தெரிஞ்சுக்கணும்."

ஹார்வுட் கையை விரித்தார். "மூணு மணி ரயிலை விட்டா அடுத்தது சனிக்கிழமை. ஞாபகம் இருக்கட்டும்."

போகுமுன் லாக்கப்பை எட்டிப் பார்த்தாள். டார்சி பலகையில் உட்கார்ந்திருந்தான். நல்ல ஓங்குதாங்கான உடம்பு, பச்சைப்பிள்ளை முகம். அவள் பேரைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி வழக்கைப் பற்றியது அல்ல.

"சார்ஜென்ட், டப்போவுக்கு ஒரு போன் பண்ண விடுவாங்களா? என் சம்சாரம் ஆஸ்பத்திரியில இருக்கா. இன்னிக்கோ நாளைக்கோ பிள்ளை பொறந்துடும். முதல் பிள்ளை."

"பண்ணலாம். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. செவ்வாய்க்கிழமை நீ என்னன்னு ஓட்டுப் போட்டே?"

அவன் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "அதைச் சொல்ல மாட்டேன்."

"உன் தலைக்கு மேல கொலைக்கேஸ் தொங்குது, தம்பி."

"தொங்கட்டும். ஓட்டுச் சீட்டு ரகசியம். ஒருத்தன் என்ன எழுதினான்னு அவன் பொண்டாட்டிகிட்டக்கூட சொல்ல மாட்டான். நீங்க யாரு?"

அவன் போன் பண்ணலாம் என்று வெர்னா பதிவேட்டில் எழுதிவைத்தாள். அவளுடைய அப்பா டேன் முப்பது வருஷம் இந்த ஆற்றோரக் கொட்டகைகளில் ஆடு கத்தரித்தவர். அவர் ஒருமுறைகூட, எந்தச் சீட்டைப் பற்றியும், வீட்டில் மூச்சுவிட்டதில்லை. முட்டாள்தனமான கௌரவம்தான். இருந்தாலும் இந்தப் பையன்மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது. மரியாதையை வைத்துக்கொண்டு ரயிலை நிறுத்த முடியாதே என்ற எரிச்சலும் கூடவே வந்தது.

யாரம்பா கொட்டகை வாசலில் அவள் கால் வைத்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல், "வாத்து! வாத்து!" என்று கத்தியது. பெண் தலை தெரிந்தால் அப்படித்தான் கூவுவார்கள். கெட்ட வார்த்தை நின்றது. சட்டையில்லாதவன் சட்டையைத் தேடினான். சுவரிலிருந்த ஒரு காலண்டரை யாரோ அவசரமாகத் திருப்பிப் போட்டார்கள்.

"திருப்ப வேண்டாம், நானும் அதே காலண்டரை ஸ்டேஷன்ல தினமும் பாக்கறேன்" என்றாள் வெர்னா. அடையாள அட்டையைக் காட்டினாள். "வாத்துக்குப் பேரு சார்ஜென்ட் கில்ஃபாயில்."

எழுந்து வந்தவன் ஆர்ச்சி லோக். எட்டுப் பேருக்கும் பிரதிநிதி. ஐம்பத்தைந்து வயது, இடுப்பு வளைந்தே போன ஆள்.

"கில்ஃபாயிலா? டேன் பொண்ணா நீ? மூக்கைப் பாத்தாலே தெரியுதே தாயி! அந்த ஆளு எப்படி இருக்கான்?"

"கையில டீ கோப்பை நிக்காது. வாய் மட்டும் நல்லாருக்கு."

"வாய் எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு." ஆர்ச்சி சிரித்தான், உடனே நிறுத்திக்கொண்டான். "டார்சி அந்தக் கிழவனை அடிக்கலை. நாய்க்காக எவனாவது கொலை பண்ணுவானா?"

"அதைத்தான் கேக்க வந்தேன். ஓட்டைப் பத்திச் சொல்லு."

ஓட்டின் முறை அவளுக்கு மனப்பாடம். காலையில் சந்தேகம் என்றால் ஆளுக்கு இரண்டு ஆட்டைக் கத்தரித்துப் பார்ப்பார்கள். பிறகு ஆளுக்கொரு சீட்டு, அதில் ஈரம் அல்லது காய்ந்தது என்று எழுதி மடித்துத் தொப்பியில் போடுவார்கள். பிரதிநிதி எண்ணிச் சொல்வான். அதோடு சரி. ஈர ரோமத்தில் வேலை செய்தால் தொடையெல்லாம் கட்டி கிளம்பும், நாற்பது வயதில் மூட்டெல்லாம் பூட்டிக்கொள்ளும். அவள் அப்பாவின் கைக்கு வந்தது அப்படி வந்ததுதான். அதனால் ஆள் முகம் பார்க்காமல், முதலாளிக்குப் பயப்படாமல், மனசாட்சிக்கு மட்டும் எழுத வேண்டிய சீட்டு அது.

"மழை இல்ல. பனியும் இல்ல. ஆடு எப்படி ஈரமாச்சு, ஆர்ச்சி?"

"அதை ஆட்டைக் கேளு. விடிகாலைல பெல்லாமி புதுசா ஒரு மந்தையைக் கொண்டாந்து அடைச்சிருந்தாரு. தொழுவத்துல எது நிக்குதோ அதைக் கத்தரிக்கிறது எங்க வேலை. எடுத்தோம். ஈரமா இருந்துச்சு. நிறுத்தினோம்."

"எங்க ஈரம்?"

"இதை இதுவரைக்கும் எவனும் கேக்கலை தாயி. உங்க இன்ஸ்பெக்டர் கேட்டதெல்லாம் எத்தனை பாட்டில் காலி பண்ணீங்கங்கறதுதான்." கையைத் தன் தொப்புளுக்குக் கீழே வைத்துக் காட்டினான். "வயித்துல. அடிவயிறு சொதசொதன்னு."

"முதுகு?"

"முதுகு காய்ஞ்சுதான் இருந்துச்சு."

வெர்னாவுக்கு உடம்பில் ஒரு குறுகுறுப்பு ஓடியது. இந்தக் குறுகுறுப்புக்காகத்தான் அவள் இந்த வேலையில் இருந்தாள். சம்பளத்துக்காக இருந்தால் பைத்தியம். "வயித்து ரோமம் எங்க? எரிச்சுட்டீங்களா?"

"எரிக்கிறதாவது! காயப் போட்டிருக்கேன்."

கொட்டகைக்குப் பின்னால் கம்பி வேலியில் பதினாறு வயிற்று ரோமமும் வரிசையாகத் தொங்கின. கத்தரிக்கிறவன் ஆட்டைப் பின்பக்கமாக உட்காரவைத்து முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு முதலில் வழிப்பது வயிற்றைத்தான். அது தனித் துண்டாக வந்துவிடும். வெர்னா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். சேற்று வாடை. விரலால் பிரித்தாள். சாம்பல் நிறக் களிமண் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. யாரம்பா மண் செங்கல் மாதிரிச் சிவப்பு. சாம்பல் களிமண் இந்த வட்டாரத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆற்றுக்குள்.

"மழைன்னா முதுகு நனையும்" என்றாள் மெதுவாக.

"ஆத்துல எறங்கினா வயிறு நனையும்" என்றான் ஆர்ச்சி. சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. தொப்பியைக் கழற்றிவிட்டான். "அடக் கடவுளே. ஆறு இப்ப இடுப்பளவுகூட இல்ல. நடத்தியே கொண்டாந்துடலாம்."

"அக்கரையிலேருந்து. ராத்திரியோட ராத்திரியா. அக்கரை கூல்பின் பண்ணையோடது. அங்க வேலி பாக்கறது நெவில்." வெர்னா ஒரு வயிற்று ரோமத்தைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தாள். "ஆர்ச்சி, ஓட்டு எத்தனைக்கு எத்தனை?"

"எண்ணிக்கையை வேணா சொல்றேன். ஏழுக்கு ஒண்ணு."

"ஒருத்தன் காய்ஞ்சதுன்னு எழுதியிருக்கானா? அந்தச் சொதசொதப்பைக் கையால தொட்ட பிறகு?"

"எழுதியிருக்கான்." ஆர்ச்சி தரையில் துப்பினான். "எவன்னு கேக்காதே, தெரியாது. சீட்டை அப்பவே அடுப்புல போட்டாச்சு. தெரிஞ்சா இந்த ஆத்தோரத்துல எந்தக் கொட்டகையிலயும் அவனுக்கு ஒரு வாய் டீ கிடைக்காது. கூட வேலை செய்யறவனை ஈரத்துல தள்ளப் பாத்தவன் அவன்."

அந்த ஒருவன் வெர்னாவின் மனதில் முள்ளாகத் தைத்தான். மந்தை அன்றைக்கே கத்தரித்து முடிந்து, ரோமம் மூட்டைக்குள் போய்விட வேண்டும் என்று யாருக்கோ அவசரம் இருந்திருக்கிறது. பெல்லாமிக்கு இந்த எட்டுப் பேரில் ஒரு கூட்டாளி இருக்கிறானா?

ஸ்டூவர்ட் பெல்லாமி வீட்டு வராந்தாவில் அவளுக்கு டீயும் ஸ்கோன் ரொட்டியும் கொடுத்து உபசரித்தார். ஐம்பது வயது, சலவை மடிப்புக் கலையாத சட்டை. மழைப் பதிவு நோட்டை அவர் தானாகவே எடுத்து நீட்டினார். தினமும் காலை ஒன்பது மணிக்கு மழைமானி பார்த்து எழுதிய நோட்டு. நாற்பத்துமூன்று பூஜ்யங்கள், ஒன்றன்கீழ் ஒன்று.

"பாத்தீங்களா மேடம்? ஒரு சொட்டு கிடையாது. ஈரமாம்! சோம்பேறிக் கூட்டம். நானே போய்த் தொட்டுப் பாத்தேன். அப்பளம் மாதிரி காய்ஞ்சு கிடந்துச்சு."

"எங்க தொட்டீங்க, மிஸ்டர் பெல்லாமி?"

"எங்கன்னா? தொழுவத்துலதான். பலகைமேல சாஞ்சு, பத்துப் பன்னெண்டு ஆட்டு முதுகுல கையை விட்டுப் பாத்தேன்."

வெர்னா ஸ்கோனை மென்று விழுங்கினாள். நன்றாகத்தான் இருந்தது. பண்ணை முதலாளிகள் எல்லோரும் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்கள், மேலேயிருந்து. ஆட்டைப் புரட்டி வயிற்றைப் பார்க்க அவர்கள் குனிந்ததே கிடையாது. இந்த மனிதர் மந்தையை ஆற்றில் இறக்கி ஏற்றியிருக்கிறார். முதுகு காய்ந்திருக்கிறதே, போதும் என்று நினைத்துக் கத்தரிக்க அனுப்பியுமிருக்கிறார்.

"அந்த மந்தை இப்ப எங்க?"

"பின்காட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டுட்டேன். அங்க கத்தரிக்காத ஆடு நாலாயிரம் இருக்கு. அதுல கலந்து போச்சு. எல்லாம் ஒரே மூஞ்சி. நேரம் இருந்தா தேடுங்களேன்." அவர் கண்ணில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"நேரம் இல்லதான். மூணு மணிக்கு ரயில்" என்று எழுந்தாள் வெர்னா. மணி பதினொன்றேகால்.

ஆர்ச்சி காரில் ஏறிக்கொண்டான், வழியில் கேட் திறந்துவிட ஆள் வேண்டுமே என்று. மொத்தம் ஐந்து கேட். ஒவ்வொன்றுக்கும் இறங்கும்போது முனகினான், ஏறும்போது முனகினான். பின்காட்டின் நடுவில் காற்றாலையும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆடு. புழுதியும் ஆடும் ஒரே நிறம்.

"நாலாயிரத்துல எப்படி தாயி கண்டுபிடிப்பே?"

வெர்னா கைப்பையை அவனிடம் கொடுத்துவிட்டுக் காற்றாலையின் இரும்பு ஏணியில் ஏறத் தொடங்கினாள். போலீஸ் பாவாடையை வடிவமைத்தவனை ஒவ்வொரு படிக்கும் ஒருதடவை திட்டினாள். உச்சியில் நின்று கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். வடக்கே ஒன்றுமில்லை. மேற்கே ஒன்றுமில்லை. தெற்கே, வேலி ஓரத்தில் ஒதுங்கி நின்ற இருநூறு ஆட்டுக் கூட்டத்துக்குள்ளே, உப்பு சிந்தினாற்போலச் சில வெள்ளைப் புள்ளிகள்.

எண்ணினாள். பதினாறு.

பெல்லாமி மறந்துபோனது அதைத்தான். கத்தரித்த ஆடு முன்காட்டுக்குப் போக வேண்டியது. ஆனால் பிணம் யார் கண்ணிலாவது படுவதற்குள் மந்தையை மறைத்துவிடும் அவசரத்தில் பதினாறையும் சேர்த்து ஓட்டிவிட்டிருக்கிறார். திருட்டு மந்தையோ, பழகாத இடத்தில் மற்ற ஆட்டோடு சேராமல் தனியாக நிற்கிறது. அது மட்டுமல்ல. அதைச் சுற்றி ஒரு செவலை நாய் அரைவட்டமாகப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மந்தையைக் கலைய விடாமல் காத்துக்கொண்டு நின்றது.

அவர்கள் கிட்டே போனபோது நாய் உறுமவில்லை. விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. ஆர்ச்சி மண்டியிட்டுக் கையை நீட்டினான்.

"டிங்கரு! அடேய், டிங்கரு! இது நெவிலோட நாய்டா... நாய் தாயி." அவன் குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம தன் ஆட்டைப் பாத்துகிட்டு நிக்குது."

வெர்னா ஒரு ஆட்டைப் பிடித்தாள். பிறந்து வளர்ந்த வீட்டுப் பழக்கம், கை மறக்கவில்லை. காதைப் பார்த்தாள். ஒவ்வொரு பண்ணைக்கும் அடையாளமாக ஒரு காது வெட்டு உண்டு, அரசாங்கப் பதிவில் இருக்கும். இந்த ஆட்டுக்கு அந்த வெட்டே தெரியாதபடி காதைப் பாதியாக அறுத்திருந்தார்கள். புதுக் காயம், நேற்று வெட்டியதாக இருக்கும், பொருக்கு இன்னும் சரியாகக் கட்டவில்லை. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. பெல்லாமி இறங்கினார். கையில் துப்பாக்கி. பண்ணைக்காரர் கையில் துப்பாக்கி இருப்பது அதிசயமில்லை, பாம்பும் நரியும் உள்ள இடம். ஆனால் அவர் பாம்பைப் பார்க்கவில்லை, வெர்னாவைப் பார்த்தார்.

நாய் வாலை இடுக்கிக்கொண்டு வெர்னாவின் காலுக்குப் பின்னால் வந்து ஒளிந்தது. அங்கேயிருந்து பல்லைக் காட்டியது.

"அந்த வெறிநாய் என் மந்தையைக் கடிக்குது. தள்ளி நில்லுங்க மேடம், சுடணும்."

"சுடாதீங்க. அது அரசுத் தரப்பு சாட்சி." வெர்னாவின் குரல் கணக்கு வாத்தியார் குரலாக வந்தது. "உங்க ஆட்டுக்கெல்லாம் காது எங்க, மிஸ்டர் பெல்லாமி?"

அவர் துப்பாக்கியை வலக்கைக்கு மாற்றினார்.

"வயித்துல இருந்த சாம்பல் களிமண் என் பைல இருக்கு. இந்த இருநூறும் கூல்பின் ஆடு. திங்கக்கிழமை ராத்திரி ஆத்தைக் கடத்திக் கொண்டாந்தீங்க. விடியும்போது நெவில் நாயோட வந்துட்டாரு. இப்ப நீங்க அந்தத் துப்பாக்கியை உபயோகிச்சா ஒரு போலீஸ்காரி, ஒரு கத்தரிக்காரன், ஒரு நாய், மூணு பேரையும் புதைக்கணும். நான் எங்க இருக்கேன்னு ஹார்வுட்டுக்குத் தெரியும். மண்ணு வேற இங்க இரும்பு மாதிரி இருக்கு."

பிறகு பெல்லாமி துப்பாக்கியை லாரி மூக்கின்மேல் வைத்தார், ஏதோ கனமான சாமானை இறக்கி வைப்பதுபோல.

"பஞ்சத்துல என் மந்தை பாதி செத்துப்போச்சு" என்றார். "அவங்ககிட்ட அம்பதாயிரம் ஆடு. எண்ணிக்கூடப் பாக்க மாட்டாங்க. அந்தக் கிழவன் கத்த ஆரம்பிச்சான். நான் தள்ளத்தான் செஞ்சேன்."

"மண்டை மூணு இடத்துல உடைஞ்சிருக்கு. மூணு தடவை தள்ளினீங்களா?"

அவர் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை அன்றுதான் முதல்முறையாக அழுக்கானது. வெர்னா விலங்கை மாட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "கத்தரிக்காரங்கள்ல உங்களுக்கு உதவினது யாரு?"

பெல்லாமி நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே புரியாத பார்வை. "அந்தக் கூட்டத்திலயா? அவனுங்க எனக்குக் காலை வணக்கம்கூடச் சொல்ல மாட்டானுங்க."

ஸ்டேஷனுக்கு அவள் திரும்பியபோது மணி இரண்டரை. ஹார்வுட் பெல்லாமியையும் ரோமத்தையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "நாய்க்குச் சாண்ட்விச் வாங்கிக் குடுக்கலாமா?" என்றார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது.

வெர்னா சாவியோடு லாக்கப்புக்குப் போனாள். கதவைத் திறந்தாள், ஆனால் வழி விடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் அந்த ஒற்றைச் சீட்டு அவளை அரித்துக்கொண்டே வந்திருந்தது. எழுதியவன் பெல்லாமியின் ஆள் இல்லை. அப்படியானால் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தும் காய்ந்தது என்று எழுத ஒருவனுக்கு அப்படி என்ன அவசரம்? எட்டுப் பேரில் யாருக்கு அந்த வாரம் சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது?

"பெல்லாமியைப் பிடிச்சாச்சு. நீ போகலாம்" என்றாள். "ஓட்டு ஏழுக்கு ஒண்ணுன்னு ஆர்ச்சி சொன்னான். அந்த ஒண்ணு நீதானே?"

டார்சியின் காது நுனிவரை சிவந்தது. அவன் பலகையில் மறுபடி உட்கார்ந்தான்.

"ரகசியம்னு சொல்லாதே. எனக்குக் கோபம் வருது."

"சனிக்கிழமை வேலை முடிஞ்சுடும்னு இருந்துச்சு" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "முடிஞ்சா நேரா டப்போ. ஒருநாள் நின்னா அடுத்த வாரத்துக்குப் போயிடும். பாதியில விட்டுட்டுப் போனா அடுத்த சீசன் எவனும் கூப்பிட மாட்டான். ஈரம்தான் அக்கா. என் கையெல்லாம் ஈரம். தெரிஞ்சுதான் எழுதினேன். அப்புறம் அந்த ரூம்ல அவங்க மூஞ்சியைப் பாத்துகிட்டு உக்கார முடியலை. அதான் எழுந்து ஆத்தோரமா நடந்தேன்."

"காய்ஞ்சதுன்னு எழுதினேன்னு நேத்தே சொல்லியிருந்தா, லீவுக்காகத்தான் பொய் ஓட்டுப் போட்டேங்கற பேச்சே எழுந்திருக்காதே! கேஸே நின்னிருக்காது. வெளில போயிருப்பேடா. உன் பொண்டாட்டி அங்க தனியாக் கிடக்கா!"

"சொன்னா ஆர்ச்சி காதுக்குப் போயிருக்கும்."

வெர்னாவுக்கு ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது. கூடவே, அப்பாவின் திருகிப்போன விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. எட்டுப் பேரும் பொய் சொன்னார்கள் என்று ஹார்வுட் சொன்னார். ஒருவனும் பொய் சொல்லமாட்டான் என்று அவள் நம்பிப் புறப்பட்டாள். பொய் சொன்னவன் ஒரே ஒருவன். அவனைத்தான் அவள் காப்பாற்றியிருக்கிறாள்.

"ஆர்ச்சிகிட்ட சொல்லுவீங்களா?"

அவள் வழிவிட்டாள்.

வெளியே ஏழு பேரும் ஒரு பழைய லாரியோடு காத்திருந்தார்கள். டார்சியை டப்போவுக்குக் கொண்டுபோய் விடுவதென்று முடிவாம். பிள்ளை பிறக்கும்வரை அவனுடைய பங்கு ஆட்டை மற்றவர்கள் பிரித்துக் கத்தரிப்பார்களாம். ஆர்ச்சி அவனை இழுத்து, எல்லோர் முன்னாலும் கட்டிக்கொண்டான்.

"கேளுங்கடா! கழுத்துக்குக் கயிறு வந்தப்பவும் சீட்டு ரகசியத்தை இவன் வெளிய விடலை. இவன்தான்டா ஆம்பளை! மாப்ளே, உன் பிள்ளைக்கு இதைச் சொல்லி வளக்கணும்."

ஏழு பேரும் அவன் முதுகில் தட்டினார்கள். டார்சி தலையைத் தூக்கவே இல்லை. சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

லாரி கிளம்பும்போது ஆர்ச்சி வெர்னாவின் பக்கம் குனிந்தான். "அந்த ஒத்தைச் சீட்டு எவன்துன்னு உன் மூக்குக்கு எட்டியிருக்குமே? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ தாயி."

லாரியின் பின்பக்கத்திலிருந்து டார்சி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சீட்டு ரகசியம், ஆர்ச்சி" என்றாள் வெர்னா. "டேன் கில்ஃபாயில் பொண்ணுகிட்ட கேக்கற கேள்வியா இது?"

ஆர்ச்சி வெட்கப்பட்டுத் தொப்பியைத் தொட்டான். லாரி போயிற்று. வெர்னா காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள். டிங்கர் ஏறி உட்கார்ந்து, ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தது.